கூரைமேல் இருக்கும் கதை – ‘படித்தும் பகிர்ந்தும்’ 11

சென்ற வாரம் அம்புலிமாமாவையும் முருங்கை மரத்து வேதாளத்தையும் பற்றி எழுதியிருந்தேன். படித்தவர்களில் பலர் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: “மாயாஜாலக் கதை சரி, சின்ன வயசுல நாங்களும் படிச்சோம். இந்த விண்வெளிக் கதை, ரோபோ கதை எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம். நமக்கும் அதுக்கும் என்ன?” இதற்குப் பதில் சொல்லப் புத்தக அலமாரிவரை போக வேண்டியதில்லை. வாசலுக்கு வந்து கூரையைப் பார்த்தால் போதும்.

கிள்ளானில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் அஸ்ட்ரோ டிஷ்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி இருக்கும். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு டிஷ்ஷைப் பார்த்திருந்தால் வித்தியாசம் தெரியும். அது அடிவானத்துப் பக்கம் சாய்ந்திருக்கும். தொலைக்காட்சிக்கான செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. அந்த உயரத்தில் சுற்றும் பொருளும் பூமியும் ஒரே வேகத்தில் திரும்புவதால், கீழிருந்து பார்க்கும் நமக்கு அது அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். கோலாலம்பூர் அந்த ரேகையிலிருந்து மூன்று பாகைதான் வடக்கே. ஆகவே நம் டிஷ்கள் உச்சி வானத்தைப் பார்க்கின்றன.

அந்த உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று கணக்குப் போட்டு எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1945 அக்டோபரில், ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்ற பத்திரிகையில். அப்போது அவருக்கு வயது 27. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் வானேற இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. மலேசியாவின் மியாசாட்-1 ஏவப்பட்டது 1996 ஜனவரியில். அதே ஆண்டு அஸ்ட்ரோ ஒளிபரப்பும் தொடங்கியது, அதன் தமிழ் அலைவரிசையான ‘வானவில்’ நம் கூடத்துக்கு வந்தது. ஒரு அறிவியல் புனைகதை எழுத்தாளர் காகிதத்தில் வரைந்த வானத்தின் வழியாகத்தான் இத்தனை வருடம் நாம் தீபாவளி நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கிளார்க்கைப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1956இல் இலங்கைக்குப் போனவர், 2008இல் கொழும்பில் இறக்கும்வரை அந்தத் தீவிலேயே வாழ்ந்தார். 1979இல் வெளிவந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலின் களம் அந்தத் தீவுதான். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கும் வன்னிவர் மார்கன் என்ற பொறியாளரின் கதை. கோபுரத்தின் அடி பூமத்திய ரேகையில் இருந்தாக வேண்டும். இலங்கையோ அந்த ரேகையில் இல்லை. கிளார்க் என்ன செய்தார் தெரியுமா? தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளி வைத்து, தப்ரோபேன் என்று அதன் பழைய பெயரைச் சூட்டிவிட்டார். இந்தத் துணிச்சலைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கதைக்காக ஒரு நாட்டைப் பெயர்த்து வைக்கலாம். ஆனால் வைத்த பிறகு கயிற்றின் எடையிலிருந்து காற்றின் வேகம்வரை எல்லாக் கணக்கும் சரியாக வர வேண்டும். இந்த வகை எழுத்தின் சுதந்திரமும் கட்டுப்பாடும் அந்த ஒரு காரியத்திலேயே அடங்கிவிட்டது.

கோபுரத்துக்குப் பொருத்தமான ஒரே மலையுச்சியில் பிக்குகளின் மடம் இருக்கிறது. அவர்கள் இடம் தர மறுக்கிறார்கள். பட்டாம்பூச்சிகள் சிகரத்தை எட்டும் நாளில் மடம் தோற்கும் என்று ஒரு பழைய வாக்கு. கடைசியில் புயற்காற்று ஒன்று பொன்னிறப் பட்டாம்பூச்சிகளை உச்சிவரை அள்ளிக்கொண்டு போகிறது. தூக்கி வந்த காற்று விஞ்ஞானத்தின் வேலை, பிக்குகள் மலையைவிட்டு இறங்குவது வாக்கின் வேலை. எது வென்றது என்று கிளார்க் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தப் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இந்த மலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நாவலில் ஸ்ரீ கந்த என்று வருவது சிவனொளிபாதமலைதான். பிரிட்டிஷ் காலத்தில் ரயில்வே குமாஸ்தாக்களாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் இன்றும் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலைச் சுற்றி இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பெரியவர் ஒருவரிடம் இந்த நாவலைக் கொடுத்தேன். திருப்பித் தரும்போது, “தம்பி, என்ர அப்பு ஏறின மலையிலே எல்லே இவர் லிஃப்ட் கட்டியிருக்கிறார்!” என்றார். எண்பதைத் தாண்டியவர். அதுவரை அறிவியல் புனைகதை பக்கமே போகாதவர். அடுத்து என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

அவருக்கு அடுத்துக் கொடுத்தது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021ஐ ஒட்டிய இந்தியாவில். ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். நிலா, சிபி, ரவி, மனோ என்றுதான் எல்லோரும். குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். காணாமல் போன கணவனைத் தேடி நிலா அலைய, துணைக்கு ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. கதையில் இருக்கும் மனிதர்களில் பாதிப் பேரைவிட ஜீனோவுக்குப் புத்தியும் பரிவும் அதிகம்.

சுஜாதா எதையெல்லாம் முன்கூட்டியே சொன்னார் என்று பட்டியல் போடுவது நம்மவர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. ஆரூடம் பலித்ததா என்று பார்ப்பது இந்தக் கதைகளைப் படிக்கும் முறையே அல்ல. இந்த நாவல் மலேசியத் தமிழனிடம் வேறு ஓர் இடத்தில் வந்து தொடுகிறது. சிவப்பு அடையாள அட்டையை நீலமாக மாற்றுவதற்காகத் தாத்தாவும் பாட்டியும் வருடக்கணக்கில் முகப்புகளில் காத்திருந்த கதை நம் வீடுகளில் எத்தனையோ உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளியில் சேர முடியாமல் போன பிள்ளைகளை நமக்குத் தெரியும். நீ இருக்கிறாயா இல்லையா என்பதை ஒரு பதிவேடுதான் தீர்மானிக்கும் என்பது நமக்குக் கற்பனை இல்லை. நிலா அரசாங்க இயந்திரங்களின் முன் நிற்கும் பக்கங்களைச் சென்னை வாசகர் சுவாரஸ்யத்துக்காகப் படித்திருக்கலாம். கிள்ளானில் உட்கார்ந்து படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. நிஜமான 2021இல் நாம் ஒவ்வொரு கடை வாசலிலும் கைப்பேசியை நீட்டி, தொற்றுக்காலச் செயலியான மைசெஜாத்ராவில் பதிந்துவிட்டு உள்ளே போனோம். அந்த ஆண்டு நான் இந்த நாவலை மறுபடியும் எடுத்துப் படித்தேன்.

சுஜாதா 2008 பிப்ரவரி 27இல் காலமானார். மூன்று வாரம் கழித்து, மார்ச் 19இல், கிளார்க்.

விஞ்ஞானமே வேண்டாம், மாயம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அர்சுலா லெ குவின். 1968இல் வந்த ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ முழுக்கத் தீவுகளால் ஆன உலகம். பெரிய கண்டமே கிடையாது. ஊரிலிருந்து ஊருக்குப் படகில்தான் போக வேண்டும், காற்றைக் கட்டத் தெரிந்தவனுக்குப் படகில் எப்போதும் மரியாதை. ஆடு மேய்த்துத் திரிந்து மந்திரம் கற்கும் கெட் என்ற பையனின் தோல் செம்பழுப்பு நிறம். லெ குவின் வேண்டுமென்றே அப்படிப் படைத்தார். 2004இல் தொலைக்காட்சித் தொடரில் அவனை வெள்ளையனாக்கியபோது பகிரங்கமாகக் கண்டித்தார். சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் மரக்கலம் ஏறியவர்களுக்கு இந்தக் கடல் புதிதாக இருக்காது. அந்தக் கடாரம் நம் கெடாதான். போர்ட் கிள்ளானில் படகேறி, சதுப்புக் காட்டு ஓரமாகப் புலாவ் கெத்தாம் போகிறவர்கள் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் போகலாம். நான் அப்படித்தான் படித்தேன். எந்தப் பக்கத்தில் மலாக்கா நீரிணை முடிந்து எர்த்சீ தொடங்கியது என்று தெரியவில்லை.

நம் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் இந்தப் பக்கம் அதிகம் வராததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ரப்பர்க் காட்டையும் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ சொல்லும் கொடுமையையும் முதலில் பதிந்து வைக்க வேண்டியிருந்தது. சாட்சி சொல்ல வேண்டியவர்களுக்குச் சந்திரனுக்குப் போக நேரமில்லை. ஆனால் இப்போது நேரம் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். கே. பாலமுருகன் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ என்று சிறுவர்களுக்கு எழுதினார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அதைக் கைமாற்றிப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து 2018இல் தொடங்கிய ‘அரூ’ மின்னிதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்திப் பல புதியவர்களை எழுத வைத்தது. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பைப் படித்தால், நம் சித்த மருத்துவத்தையும் ரசவாதத்தையும் வைத்தே அறிவியல் கதை எழுதலாம் என்பது தெரியும். எனக்கோ நம் ஊர்க் கதை வேண்டும். தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களை வீழ்த்தி, இருபது மாடி கொண்டோ கட்டிய பிறகும் எல்லையைவிட்டு நகர மறுக்கும் முனியாண்டியை யாராவது எழுத வேண்டும். அந்தக் கொண்டோவின் காவலாளி தன் இரவு ரோந்தில் அவரைச் சந்திக்க வேண்டும்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். சுஜாதாவுக்குப் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ தமிழ்ப் புத்தகம் விற்கும் கடைகளில் கேளுங்கள். இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். ஆங்கில நூல்களுக்கு, தாமான் ஜெயா எல்.ஆர்.டி. நிலையத்தின் எதிரே இருக்கும் அம்கார்ப் மாலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகங்களைக் கிளறிப் பாருங்கள். சில வெள்ளியில் கிளார்க் கிடைப்பார். அட்டை கிழிந்திருந்தால் பரவாயில்லை, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

அடுத்த வாரம் ‘மீண்டும் ஜீனோ’. அதற்குள் முதல் பாகத்தை முடித்துவிட்டால் நல்லது. ஜீவா யார் என்ற முடிச்சை நான் அவிழ்த்துவிடப் போகிறேன்.