உங்களுக்குத் தெரியுமா? தோளுக்கு இனியதும் இன்னாததும்

● பெருமாள் புறப்பாட்டுக்கு எழுந்தருளும் பல்லக்கு ஒன்றுக்குத் 'தோளுக்கினியான்' என்று பெயர். சுமக்கிறவர் தோளுக்கு இனியவன்! ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளைச் சுமப்பவர்கள் ஸ்ரீபாதம்தாங்கிகள். வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் சிம்ம கதி, சர்ப்ப கதி என்று பார்த்து நாம் சிலிர்க்கிறோமே, அந்த நடை அத்தனையும் அவர்கள் தோளிலும் காலிலும் இருக்கிறது. பகல்பத்துக்கு அர்ச்சுன மண்டபம், இராப்பத்துக்கு ஆயிரங்கால் மண்டபம் என்று போகவும் வரவும் அவர்கள் தோள்தான். பல்லக்குத் தண்டு உட்கார வேண்டிய இடம் எலும்பு அல்ல, கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே திண்டு மாதிரி இருக்கும் தசை. தண்டு கழுத்துப் பக்கம் நகர்ந்தால் கைக்குப் போகும் நரம்புக் கற்றை நசுங்கி விரல் மரத்துப்போகும். கூடத் தூக்குகிறவர் குட்டையாக இருந்தால் நெட்டையானவர் தோளில் பாரம் ஏறும். அதனால், ஒத்த உயரக்காரர்கள் சேர்ந்து தூக்குவது பார்வைக்கு அழகாக இருப்பதோடு தோளுக்கும் காப்பு.

● திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற அண்ணன்களுக்கும் இதே கணக்குதான். வயதுவந்த ஆண் ஒருவர் தனியாகத் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. தினமும் ஒரே தோளில் ஏற்றாமல் மாற்றி மாற்றி ஏற்றுவது நல்லது. கை மரத்துப்போவதோ பிடி தளர்வதோ தொடர்ந்தால் அதை அசதி என்று ஒதுக்கக்கூடாது.

● ஒரு எவர்சில்வர் மூடியை மல்லாத்தி வைத்து, அதன்மேல் தேங்காயை உட்காரவைத்துப் பாருங்கள். நம் தோள் மூட்டு ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் பத்திரமாக இருக்கும். தோளில் கிண்ணம் ஆழமில்லை. பந்தின் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது சரியாக மூடுவதில்லை. அதனால்தான் கையைச் சுழற்றிக் கவண் வீசவும், முதுகு சொறியவும், அண்டாவுக்குள் கைவிட்டுத் துழாவவும் முடிகிறது. உடம்பின் பெரிய மூட்டுகளில் அதிகமாக நழுவுவதும் இதுதான்.

● கையும் தோள்பட்டையும் உடம்புக் கூட்டோடு எலும்பால் ஒட்டியிருப்பது ஒரே ஓர் இடத்தில்: காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடும் முனையில். மற்றபடி முழுவதும் தசைகளின் பிடிப்புதான். காறை என்பது கழுத்தணியின் பெயர். அணி கிடக்கும் இடத்து எலும்புக்கு அதையே வைத்திருக்கிறார்கள். டூ வீலரிலிருந்து தோள் குத்த விழுந்தால் முதலில் முறிவது பெரும்பாலும் இந்த எலும்புதான். நல்லவேளை, பலருக்கு அறுவை இல்லாமலே, கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டாலே கூடிவிடும்.

● குழந்தையின் முதுகில், தோள்பட்டை எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "கையை மேலே தூக்கு கண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த எலும்பு உங்கள் கைக்கடியில் வழுக்கிக்கொண்டு திரும்பும். கை முழுதாக உயரும் 180 பாகையில் சுமார் 120 தோள் மூட்டில், 60 இந்தத் தோள்பட்டைச் சில்லில். வலிக்கிறதென்று கூனிக் குறுகி உட்கார்ந்தால் இந்த வழுக்கல் தடைப்படும். வலியும் கூடும். பிசியோகாரர் "நிமிர்ந்து உட்காருங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

● போகிக்கு முன்னால் ஒட்டடை அடித்தவர்களுக்கு மறுநாள் தோள் ஏன் வலிக்கிறது? பந்தைக் கிண்ணத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும் நான்கு தசைகளில் மேலே இருப்பது, கை தலைக்குமேல் போகும்போதெல்லாம் எலும்புக் கூரைக்கும் பந்துக்கும் நடுவே நெருக்கப்படுகிறது. ஒருநாள் வேலைக்கு ஒருநாள் வலியோடு போய்விடும். இதையே பிழைப்பாகச் செய்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். திருவெறும்பூர் பக்கம் பெல் ஆலையும் அதைச் சுற்றிய நூற்றுக்கணக்கான பட்டறைகளும் வந்த பிறகு, வெல்டிங் நம்ம ஊர்த் தொழிலாகவே ஆகிவிட்டது. தலைக்குமேல் வெல்டிங் பிடிப்பவர்களின் தோள்வலியை 1970-களிலேயே ஸ்வீடனில் கப்பல் கட்டும் தளங்களில் மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். தீர்வு எளிது: ஆள் ஏறி நிற்க மேடை போட்டு, வேலை தோள் மட்டத்துக்குக் கீழே வரும்படி செய்ய வேண்டும். பெயின்டர், எலெக்ட்ரீஷியன், கோல் வைத்துச் சாமான் எடுக்கும் கடைப்பையன் எல்லோருக்கும் இது பொருந்தும். வீட்டில் ஒட்டடை அடிக்க உறுதியான முக்காலி போதும்.

● நோகிற தோள் பக்கமாகப் படுத்தால் வலி, இரவில் வலித்து எழுப்பிவிடுகிறது என்றால் பெரும்பாலும் கோளாறு இந்த மேல் தசைநாரில்தான். மல்லாந்து படுத்து, முழங்கைக்கடியில் ஒரு சின்னத் தலையணை வைத்துப் பாருங்கள்.

● "ஸ்கேன்ல ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு போட்டிருக்கு." இதைக் கேட்டதும் பாதி உயிர் போய்விடுகிறது. வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 1995-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 60 வயது தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தத் தசைநார்களில் ஏதோ ஒரு கிழிசல் இருந்தது. முடி நரைப்பதுபோல அதுவும் ஒன்று. கிழிசல் இருக்கிறதா என்பதைவிட, கை தூக்க முடிகிறதா, வலுவிருக்கிறதா என்பதே முக்கியம். ஆனால் விழுந்து அடிபட்ட மறுகணமே கையைத் தூக்க முடியாமல் போனால் கதை வேறு. அது புதுக் கிழிசலாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே மட்டும் எடுத்து, "எலும்பு நல்லாருக்கு" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது.

● எங்கள் எதிர்வீட்டு மாமி ஒரு சித்திரை மாதம் மடிசார் கட்டிக்கொள்ளும்போது, பின்னால் சொருக வேண்டிய முனையைச் சொருக முடியாமல் மாட்டுப்பெண்ணைக் கூப்பிட்டார். "வயசாயிடுத்து, இனிமே இப்படித்தான்" என்றார். மூன்று மாதத்தில் தலை வாரவும் கை போகவில்லை. ஆண்களில் சிலருக்குப் பஞ்சகச்சம் சொருகும்போது தெரியும், சிலருக்குப் பின்பாக்கெட்டில் பர்ஸ் எடுக்கும்போது. இது உறைந்த தோள். ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயரை 1934-இல் வைத்தவர் பாஸ்டன் அறுவை மருத்துவர் காட்மன். நம் சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் சொன்ன 80 வாத நோய்களில் ஒன்றான கும்பவாதத்தை இதோடு ஒப்பிடுவார்கள். மூட்டைச் சுற்றிய பை தடித்துச் சுருங்கிவிடுகிறது. அடையாளம் என்ன? மற்ற தோள்வலியில் நீங்கள் தூக்க முடியாவிட்டாலும் இன்னொருவர் பிடித்துத் தூக்கினால் கை போகும். இதில் யார் தூக்கினாலும் போகாது.

● மாமிக்கு மருத்துவர் முதலில் எழுதிக்கொடுத்தது மாத்திரை அல்ல, சர்க்கரைப் பரிசோதனை! பொதுவாக நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு வரும் உறைந்த தோள், சர்க்கரை நோயாளிகளில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் அதிகம். 40-லிருந்து 60 வயதுக்குள், பெண்களுக்குக் கூடுதலாக. சிலருக்குத் தோள் இறுகிய பிறகுதான் தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரிய வருகிறது. மாமிக்கும் அப்படித்தான்.

● முதலில் வலி, பிறகு இறுக்கம், கடைசியில் மெல்ல இளகல். ஒன்று முதல் மூன்று வருடம்கூட இழுக்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி பலருக்கு நல்ல ஆறுதல் தருகிறது. ஆனால் அது சில நாளுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். அந்த வாரம் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு. சர்க்கரைக்காரர்களுக்கு இரட்டைக் கேடு.

● வலிக்கிறதென்று கையைத் தொட்டிலில் கட்டியே வைத்திருந்தால் தோள் இறுகும். எனக்குத் தெரிந்து இந்த ஒரு பிழைதான் அதிகம் நடக்கிறது. குனிந்து, நல்ல கையை மேசையில் ஊன்றி, வலிக்கும் கையைத் தளரத் தொங்கவிட்டு, கோயில் மணியின் நாக்கு ஆடுவதுபோல மெல்ல ஆட்டுங்கள். முன்னும் பின்னும், பிறகு வட்டமாக. இதுவும் காட்மன் சொல்லிக்கொடுத்ததே. அதற்குமுன் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடமோ, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடமோ கொடுத்தால் இளகும். சர்க்கரையால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை வேறொருவர் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

● ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்கு நின்றுகொண்டு வருகிறவர்கள் கவனிக்க: சடன் பிரேக்கில் மேல்கம்பியைப் பிடித்த கை வெடுக்கென்று இழுபடும். ஏற்கெனவே தோள் வலி உள்ளவர்கள் மேல்கம்பியை விட்டு, இருக்கையின் முதுகுக் கம்பியைப் பிடியுங்கள்.

● தோள் இறங்கிவிட்டால்? மாட்டுப் பொங்கலன்று பெரிய சூரியூர் வாடிவாசலில் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கும்போதும், கபடியிலும், சறுக்கி விழும்போதும் பந்து பெரும்பாலும் முன்பக்கமாக நழுவும். நூற்றில் 95 அப்படித்தான். தோளின் உருண்டை போய்ச் சதுரமாகத் தெரியும். கக்கத்தில் பாதத்தை முட்டுக்கொடுத்து இழுக்கும் முறையைக் கிரேக்கத்து ஹிப்பாகிரடீஸ் காலத்திலேயே செய்தார்கள். அதற்காகக் கூட்டத்தில் யாரோ ஒருவர் இழுக்க விட்டுவிடாதீர்கள். உள்ளே முறிவும் இருக்கலாம், நரம்பும் சிக்கியிருக்கலாம். துண்டால் கையை உடம்போடு அணைத்துக் கட்டி, எக்ஸ்ரே எடுத்த பிறகே ஏற்ற வேண்டும். இருபது வயதுக்குட்பட்ட பையனுக்கு ஒருமுறை இறங்கினால் மறுபடி இறங்கும் வாய்ப்பு மிக அதிகம். அவனுக்குத் தசைப் பயிற்சியும் சிலசமயம் அறுவையும் தேவைப்படும்.

● எலும்பு முறிவுக்குப் பேர்போன 'புத்தூர் கட்டு' நம் திருச்சிப் புத்தூருடையது அல்ல. அது ஆந்திராவில், திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூர். நம் புத்தூரில் இருப்பது மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. தோள் இறங்கினால் ஆட்டோக்காரரிடம் தாராளமாகப் "புத்தூர் போப்பா" என்று சொல்லலாம்.

● தோள் வலித்தாலும் கோளாறு தோளில் இல்லாமல் போகலாம். மலைக்கோட்டைப் படி ஏறும்போது இடது தோளிலும் தாடையிலும் வலி வந்து, நின்று இளைப்பாறினால் விடுகிறதா? இதயத்தைக் காட்டுங்கள். வியர்த்துக் கொட்டி, மூச்சு முட்டி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது தோளில் வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். லேப்ராஸ்கோப் வழியாகக் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண்கள் இரண்டு நாள் "தோள் வலிக்குது" என்பார்கள். வயிற்றுக்குள் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அங்கிருந்து போகும் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால் மூளை இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறது.

● நெருக்கப்படும் தசைநாருக்கு இடம் கொடுக்க, மேலே உள்ள எலும்பைச் செதுக்கும் துளை அறுவை உலகெங்கும் லட்சக்கணக்கில் நடந்துவந்தது. பிரிட்டனில் 313 பேரிடம் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. சிலருக்கு எலும்பைச் செதுக்கினார்கள். சிலருக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு சரி. இரண்டு கூட்டத்துக்கும் குணத்தில் வேறுபாடு இல்லை! மறு ஆண்டே இந்த அறுவை வேண்டாம் என்று சர்வதேச நிபுணர் குழு வழிகாட்டியது. கிழிந்த நாரைத் தைப்பதும், நழுவும் மூட்டை நிலைப்படுத்துவதும் வேறு அறுவைகள், அவற்றுக்கு இடம் உண்டு. உங்களுக்குச் சொல்லப்படுவது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

● ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரி சன்னிதியைச் சேவித்திருப்பீர்கள். கோயிலைச் சேர்ந்து ஓர் ஆரோக்கியசாலை, அதாவது மருத்துவமனை, இயங்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. படையெடுப்பில் சிதைந்த அதைக் கருடவாகன பட்டர் வழிவந்தவர் புதுப்பித்த செய்தி 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. அங்கே ஸ்ரீபாதம்தாங்கிகளின் தோளுக்கும் தைலம் பூசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

● மாமிக்குப் பிசியோகாரர் சொன்ன பயிற்சி, சுவரில் விரல்நடை. சுவரைப் பார்த்து நின்று, இரண்டு விரலால் எறும்பு ஊர்வதுபோல ஏறவேண்டும். நின்ற இடத்தில் பென்சிலால் கோடு, பக்கத்தில் தேதி. கூடத்துச் சுவரில் முதல் கோடு ஸ்விட்ச் பெட்டிக்குக் கீழே இருந்தது. ஒரு மாதம் ஒரே இடத்தில் நாலு கோடு. ஆவணியில் ஒரு விரற்கடை, தையில் ஒரு சாண். மறு வருஷம் கார்த்திகைத் தீபத்தன்று வாசல் மாடத்தின் மேல்தட்டு விளக்கை மாமி தானே ஏற்றினார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம், கூடத்தில் அந்த ஒரு முழ இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டார்.