ஈரிடக் காப்பு

விடுகைப் பத்திரம் வேண்டி நமது கல்லூரி அலுவலகத்துக்கு வரும் பழைய மாணவர் சிலரை வெறுங்கையுடன் அனுப்ப நேர்வதை அன்பர்கள் அறிவர். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் இடம்பெயர்ந்த வேளையில், பாடசாலைகள் பலவற்றின் சேர்விடாப்புக்களும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் அழிந்தொழிந்தன. இம்மலரிலுள்ள பழைய மாணவர் பட்டியலிற் சில ஆண்டுகள் குறைவுபட்டு நிற்பதற்குக் காரணமும் அதுவே. எஞ்சிய இடாப்புக்களைக் கணினியில் ஏற்றிக் காக்கப் பழைய மாணவர் சங்கத்தார் முன்வந்துள்ளனர். ஒரு பெரிய சேவையகம் வாங்குவதா, இரு சிறியவை வாங்குவதா என்பது இப்போதுள்ள வினா. இரண்டு வேண்டும் என்பதும், இரண்டு மாத்திரம் போதா என்பதும் நமது துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டு விளக்குவாம்.

நாம் தமிழாசிரியர், கணினி வல்லுநர் அல்லோம். ஆயினும், ஏட்டுச் சுவடிகளின் வரலாறு கற்றார்க்கு இப்பொருள் முற்றும் புதிதன்று. கறையானுக்கும் நெருப்புக்கும் அஞ்சிய முன்னோர் ஏடுகளைப் பெயர்த்தெழுதினர். 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. பிறிதோரிடத்திற் படி இருந்த நூல்களை மீண்டும் தேடிக்கொள்ளலாம். ஒரே படியாயிருந்த சுவடிகளை எங்கே தேடுவது? காணியுறுதி எழுதும் நொத்தாரிசு ஒரு படியைத் தம்மிடம் வைத்து, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவதும் இவ்வறிவு பற்றியே.

கணினியும் இதற்கு விலக்கன்று. 2025 செப்டெம்பர் 26 இல் தென்கொரியாவின் டேஜொன் நகரத்து அரச தரவு நிலையத்தில் தீப்பற்றியது. அரச ஊழியர் தம் கோப்புக்களைச் சேமித்துவைத்த 858 தெராபைற்று தரவு, வெளியிற் படி இன்மையால் அழிந்துபட்டது.

ஆதலின் ஒரு சேவையகத்தைக் கிளிநொச்சியிலும், மற்றொன்றை ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தெற்கே வவுனியாவிலும் வைப்போமென்க. 2018 டிசெம்பரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூடிய வெள்ளம் போன்றதொன்று வரினும், இரண்டும் ஒருங்கே கெடுதல் அரிது. இனி, ஒன்றில் எழுதியது மற்றொன்றில் எவ்வாறு பதியும்?

வழி இரண்டு. முதலாவது உடனிகழ் படியாக்கம். கிளிநொச்சியில் எழுதியது வவுனியாவிலும் பதிந்தது என்ற மறுமொழி வந்த பின்னரே எழுத்து முற்றுப்பெறும். ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். வவுனியாவுக்குப் போய் மீளக் குறைந்தது 0.8 மில்லிசெக்கன், ஏறத்தாழ 330 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பாயின் 3.3 மில்லிசெக்கன். இடைக் கருவிகளின் தாமதம் இதனின் வேறு. ஒவ்வோர் எழுத்தும் இவ்வாறு காத்திருத்தல் வேண்டும். தொடர்பு அறுந்தால் வேலையே நின்றுவிடவுங்கூடும். இரண்டாவது பின்னிகழ் படியாக்கம். இங்கு எழுதி முடித்து, மாற்றங்களைத் திரட்டிப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அங்கு அனுப்புதல். விபத்து நேரின் கடைசிப் பதினைந்து நிமிட வேலை போகும். வங்கிக்கு அது பேரிழப்பு. பாடசாலைக்கோ திரும்ப எழுதிக்கொள்ளக்கூடியது. நமக்கு இரண்டாவதே ஏற்றது.

வலையமைப்பிலும் கவனிக்கற்பாலன சில உள. இரு தலத்துக்கும் ஐ.பி. முகவரி வரிசைகள் வெவ்வேறாயிருத்தல் வேண்டும். ஒன்றாயின் ஒன்று மற்றொன்றைக் காணாது. மாணவர் விவரம் பிறர் கண்ணிற் படாதவாறு மறைகுறியாக்கிய வழியாகவே செல்லல் வேண்டும். முதற்படியை வன்தட்டிற் சுமந்து செல்லலே நன்று. ஒரு தெராபைற்றைச் செக்கனுக்கு 20 மெகாபிற்று வேகத்தில் அனுப்பின் நான்கரை நாளுக்கு மேலாகும். பின்னர் மாற்றங்கள் மாத்திரம் கம்பிவழி செல்லும். அலுவலகக் கணினிகள் சேவையகத்தை எண்ணால் அழையாது பெயரால் அழைத்தல் வேண்டும். இடருற்றபோது ஆள்களப் பெயர்ப் பதிவை வவுனியாவுக்குத் திருப்பிவிட்டாற் போதும். அப்பதிவு பிற கணினிகளில் ஐந்து நிமிடமே தங்குமாறு முன்கூட்டியே குறித்துவைப்பின், மாற்றம் விரைவில் யாவர்க்கும் எட்டும்.

இங்கே ஓர் இடுக்கண் உண்டு. இரு சேவையகமும் நலமாயிருக்க, இடையிலுள்ள தொடர்பு மாத்திரம் அறுந்ததென்க. வவுனியா, கிளிநொச்சி வீழ்ந்ததென்றெண்ணித் தானே எழுதத் தொடங்கினால், இரண்டிலும் வெவ்வேறு பதிவுகள் விளையும். ஏட்டிற் பாடபேதம் தோன்றுவதும் இவ்வாறே. பாடபேதத்தைப் பதிப்பாசிரியர் ஆராய்ந்து தெளிவர். ஒரே சேர்விலக்கம் இரு மாணவர்க்கு விழுந்தால் யார் தெளிவது? எனவே மாற்றத்துக்கான கட்டளை பொறுப்பாளர் ஒருவரிடமிருந்தே வருதல் வேண்டும். அன்றி, முல்லைத்தீவு போன்ற மூன்றாமிடத்திற் சாட்சிக் கணினியொன்று வைக்கலாம்.

இரண்டும் போதா என்றதன் காரணமும் கேண்மின். பெயர்த்தெழுதுவோன் மூலத்தின் பிழையையும் சேர்த்தே எழுதுவான். படியாக்கமும் அத்தகையதே: கிளிநொச்சியில் தவறி அழித்தது வவுனியாவிலும் அழியும். 2023 இல் இலங்கை அரச முகிற் கணிமை மீது நிகழ்ந்த தாக்குதலில் மின்னஞ்சற் றரவும், அதனோடு இணைந்திருந்த காப்புப்படியும் ஒருங்கே முடங்கின. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையுள்ள மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. ஆதலின் எவ்வலையமைப்பிலும் இணையாத மூன்றாம் படியொன்றை வாரந்தோறும் எடுத்துப் பூட்டிவைத்தல் இன்றியமையாதது. முன்னைய வாரப் படிகளும் சில எஞ்சியிருத்தல் வேண்டும்.

இறுதியாக, ஒத்திகை. தவணைக்கு ஒருநாள் கிளிநொச்சிச் சேவையகத்தை நிறுத்தி, வவுனியாவிலுள்ள படியைக்கொண்டு ஒரு விடுகைப் பத்திரம் எழுதிப் பார்ப்போம். எழுத முடிந்தாற் காப்பு உண்டு. முடியாவிடின் இரு இயந்திரங்களுக்குப் பணம் செலவிட்டோம் என்பதே மிச்சம். அந்த ஒத்திகைக்கு ஆகும் அரைநாளையும், பூட்டிவைக்கும் வன்தட்டின் விலையையும் சேர்த்தே சங்கத்தார் தம் மதிப்பீட்டை அமைப்பாராக.