மாங்கனியும் மோட்டார் சைக்கிளும்

சென்ற சிவராத்திரி தினத்தன்று திருக்கேதீஸ்வரத்திலே, பாலாவிக் கரையோரமாக வரிசையில் நின்ற மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பார்க்க முயன்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடம்பன், முருங்கன், நானாட்டான் முதலிய ஊர்களிலிருந்து வந்தவை அவை. எல்லாம் 100, 125 சி.சி. அளவுள்ள சிறு வண்டிகள். விதைநெல் மூடையையும் மனைவி மக்களையும் ஒருங்கே சுமந்து பழகியவை. நூறு எண்ணுமுன்னரே, 'டும் டும்' என நிதானமாக முழங்கிக்கொண்டு பாரிய வண்டியொன்று வந்து நின்றது. என் மாணவர் நால்வர் ஓடிச் சென்று அதனைச் சூழ்ந்துகொண்டனர்.

"சேர், ஹார்லி டேவிட்சன்!" என்றான் ஒருவன்.

அது ஹார்லி அன்று. சென்னையிலே பிறந்த றோயல் என்பீல்ட் புல்லட். நான் அவ்வாறு கூறியதும் அவனுடைய முகம் வாடிவிட்டது. ஆனால், உண்மையில் வாட்டமுற்று நிற்பது ஹார்லியே என்பதை அன்று மாலை அவர்களுக்குச் சொல்ல நேர்ந்தது. அதனையே இங்கு எழுதுகிறேன்.

1903 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வோக்கி நகரில், வில்லியம் ஹார்லி என்ற இளைஞரும் டேவிட்சன் சகோதரர்களும் தொடங்கிய ஸ்தாபனம் அது. 1930களின் பொருளாதார மந்தம் அந்நாட்டின் மோட்டார் சைக்கிள் கம்பனிகளை விழுங்கியபோது, ஹார்லியும் இந்தியன் என்ற கம்பனியுமே பெயர் சொல்ல எஞ்சின. 1953 இல் இந்தியனும் சாய்ந்தது. இரண்டு உருளைகள் ஆங்கில 'வி' எழுத்தைப் போல 45 பாகைச் சரிவில் நிற்கும் ஹார்லி யந்திரத்தின் ஓசை எத்துணை பிரசித்தமெனில், அவ்வோசையையே வியாபாரக் குறியாகப் பதிவு செய்யுமாறு 1994 இல் அக்கம்பனி விண்ணப்பித்தது. ஆறு ஆண்டுகள் வழக்காடிய பின் அம்முயற்சியைக் கைவிட்டது. வண்டியின் சத்தத்துக்கு உரிமை கோரிய விந்தையை வேறெங்கு காண்போம்!

முதல் அடி யப்பானிலிருந்து வந்தது. 1969 இல் ஹொண்டா வெளியிட்ட 750 சி.சி. வண்டிக்கு நான்கு உருளைகள், முன்சில்லிலே தட்டுத் தடுப்பு, பொத்தானை அழுத்தினாற் கிளம்பும் வசதி எல்லாம் இருந்தன. எண்ணெய் ஒழுகுவதைக் குலவழக்கமெனக் கொண்டிருந்த ஆங்கிலேய வண்டிகளை அது ஒரே பாய்ச்சலில் பழம்பொருளாக்கிவிட்டது. சிறிய வண்டிகளின் சந்தையை யப்பானியருக்கு விட்டுக்கொடுத்து, 'பெரிய வண்டியிலேதான் இலாபம்' என்று பின்வாங்கிச் சென்ற ஆங்கிலக் கம்பனிகளுக்கு, அதன்பின் பின்வாங்க இடமில்லாது போயிற்று. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய மோட்டார் சைக்கிள் கம்பனியாக விளங்கிய பி.எஸ்.ஏ. 1973 இல் நொடித்தது.

ஹார்லி தப்பியது. 1981 இல் அதன் அதிகாரிகள் பதின்மூவர் கடன் பெற்றுக் கம்பனியை வாங்கினர். 1983 இல் 700 சி.சி.க்கு மேற்பட்ட பிறநாட்டு வண்டிகள் மீது அமெரிக்க அரசு 49.4 வீதம் வரை தீர்வை விதித்தது. குதிரை எழுந்து ஓடத் தொடங்கியது. 2006 இல் ஏறத்தாழ 3,49,000 வண்டிகளை அனுப்பிவைத்தனர். 2024 இல் அத்தொகை 1,50,000 அளவுக்கு இறங்கிவிட்டது. வண்டி கெட்டுப்போகவில்லை, வாங்கியவர்கள் முதுமையடைந்தார்கள். இளமையில் ஹார்லியைக் கனவு கண்டு, நடுவயதில் வாங்கிய தலைமுறைக்கு இப்பொழுது முழங்கால் நோகிறது. 350 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைச் சரியாமல் நிறுத்துவது எளிதன்று. அவர்களுடைய பிள்ளைகளுக்கோ அந்தக் கனவும் இல்லை, அந்த விலையைக் கொடுக்கும் வசதியும் இல்லை.

வீட்டிலே விலைப்படாததை அயலிலே விற்கலாம் அன்றோ? 2007 இல் வேடிக்கையான ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்குள்ளே போகலாம். ஹார்லி இந்தியாவுக்குள்ளே வரலாம். மாம்பழம் போயிற்று. ஹார்லியும் வந்தது. 2011 இல் அரியானாவின் பாவல் என்னுமிடத்தில் வண்டி பூட்டும் ஆலையொன்றும் எழுந்தது. சிறிய ஹார்லியின் விலைக்கே அன்று அங்கே மூன்று புல்லட் வாங்க முடிந்தது. பத்தாண்டிற் போன வண்டிகள் முப்பதினாயிரத்தை எட்டவில்லை. தீர்வைதான் காரணமென்று அமெரிக்க ஜனாதிபதியே முறையிட்டார். 2018 இல் இந்தியா அதனை 50 வீதமாகக் குறைத்தது. விற்பனை கூடவில்லை. 2020 செப்ரெம்பரில் ஹார்லி ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. முதலிட்டுக் காட்சிசாலை அமைத்த முகவர்கள் முப்பதுக்கு மேற்பட்டோர் திகைத்து நின்றார்கள். உரிமையாளர்களுக்கோ உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது என்ற கவலை. பின்னர் ஹீரோ கம்பனி கைகொடுத்தது. 2023 இல் அக்கம்பனி செய்து வெளியிட்ட 440 சி.சி. வண்டி ஒற்றை உருளை கொண்டது, ஹார்லி என்ற பெயர் தாங்கியது.

இனிப் புல்லட்டின் கதை. 1955 இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பனியும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடித் தொடங்கிய முயற்சி அது. இந்திய இராணுவத்தின் தேவையே அதன் வித்து. 1970 இல் இங்கிலாந்தில் தாய் மறைந்தாள். திருவொற்றியூரில் மகள் வாழ்ந்தாள். வாழ்ந்தாள் என்பதும் பெயரளவிற்றான். 1980களில் யப்பானியக் கூட்டுறவோடு 100 சி.சி. வண்டிகள் இந்தியாவில் இறங்கியதும், ஒழுகுகின்ற, உதைத்தாலும் கிளம்பாத புல்லட்டை விரும்புவார் அருகினர். 2000 ஆம் ஆண்டளவில் மாதம் 2,000 வண்டிகளே விற்றன. அதனை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்று உரிமைக் கம்பனியான ஐஷர் யோசித்தது. அப்போது இருபத்தாறு வயதினராகிய சித்தார்த்த லால் அவகாசம் கேட்டுப் பொறுப்பேற்றார்.

அவர் செய்ததை நான் மாணவருக்கு விரிவாகவே சொன்னேன். ஜெய்ப்பூரிலிருந்த ஆலையை மூடினார். வண்டியின் தோற்றத்தை மாற்றவில்லை. உள்ளே இருந்த யந்திரத்தை மாற்றினார். ஓசை குறைந்தால் பழைய அன்பர்கள் சினப்பார்கள், ஒழுகினால் புதியவர்கள் வரமாட்டார்கள். இவ்விரண்டுக்கும் இடையிலே பல ஆண்டுகள் தட்டித் தடவி, 2009 அளவிலே வழி கண்டார்கள். 2024-25 நிதியாண்டில் விற்பனை 10 இலட்சத்தைத் தாண்டியது.

"அப்படியானால் ஹார்லிக்காரரும் சிறிய வண்டி செய்தாற் போதுமே, சேர்?" என்றான் முன்னவன். நல்ல கேள்வி. ஆயின் பெருமையை விற்பவன் மலிவாக விற்கத் தொடங்கினால், அதிக விலை கொடுத்து முன்பு வாங்கியவன் என்ன சொல்வான்? புல்லட்டுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அது என்றுமே சம்பளக்காரன் எட்டிப் பிடிக்கக்கூடிய வண்டி.

நம் நாட்டிலோ, 2020 மார்ச்சுக்குப் பின் பல ஆண்டுகள் வாகன இறக்குமதியே இல்லை. 2022 இல் எரிபொருள் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் தந்த காலத்தை யார் மறப்பார்? லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் ஹார்லிக்கு அது மன்னாரிலிருந்து வவுனியா போகக் காணும். திரும்பி வரக் காணாது.

இதற்குள் புல்லட்டுக்காரர் தீபாராதனை கண்டு திரும்பிவிட்டார். "அண்ணை, லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்று பையன் கேட்டான்.

"முப்பத்தைந்து ஓடும், தம்பி."

பையன் தன் தகப்பனாரின் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அது அறுபது ஓடுமாம். பின்பு புல்லட்டின் இருக்கையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கோ, அண்ணை," என்றான்.