சுவர் வேறு, எல்லை வேறு

நகர நிலங்களை அளக்க மத்திய அரசு 2025 பிப்ரவரி 18 அன்று ‘நக்ஷா’ திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டமாக 152 நகரங்களில் வானிலிருந்து படமெடுத்து வரைபடம் தயாரிக்கத் தொடங்கினார்கள். வேகமான வழிதான். ஆனால் நெருக்கமான தெருவில் மேலே பறக்கும் கேமராவுக்கு மொட்டை மாடியும் சன்ஷேடும் தெரிகிற அளவுக்குச் சுவரின் அடி தெரியாது. மனையை அளக்கத் தேவைப்படுவதோ அந்தச் சுவரடிதான். அதனால் தெருவோடு போகும் வண்டியில் லேசர் ஸ்கேனரைப் பொருத்தி அளப்பதும் அவசியம் என்பேன்.

அந்த ஸ்கேனர் நொடிக்குப் பல லட்சம் லேசர் துடிப்புகளை அனுப்புகிறது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. செல்லும், சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்திலிருந்து தூரம் கிடைத்துவிடும். சிரமம் வண்டியில் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் வண்டி எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு ஜிபிஎஸ், சாய்வையும் திருப்பத்தையும் உணரும் கருவி, சக்கரச் சுழற்சியை எண்ணும் கருவி மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சிக்னல் சுவர்களில் மோதித் தடுமாறும், மேம்பாலத்தின் கீழ் அறுந்தே போகும். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் முன்கூட்டியே அளந்து குறித்த புள்ளிகளோடு ஒப்பிட்டுத் திருத்தாவிட்டால் பிழை கூடிக்கொண்டே போகும். 40 அடி நீளச் சுவர் வெறும் 3 செ.மீ. நகர்ந்தாலே ஏறக்குறைய 4 சதுர அடி கைமாறிவிடும். 30க்கு 40 மனை வைத்திருப்பவருக்கு அது சின்ன விஷயமல்ல.

பிழையே இல்லாமல் அளந்தாலும் லேசர் சொல்வது சுவர் இருக்கும் இடத்தை மட்டுமே. சுவரை எல்லைக்குள் அரை அடி தள்ளிக் கட்டியிருக்கலாம், புறம்போக்கில் நீட்டியும் கட்டியிருக்கலாம். உரிமை எதுவரை என்பதைக் கிரயப் பத்திரமும் புலப்படமும் நகர நில அளவைப் பதிவேடும்தான் சொல்ல வேண்டும். அப்படியானால் இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்பது நியாயமே. ஆனால் வழக்குகளில் இன்றைக்குக் களத்தில் என்ன இருக்கிறது என்பதிலேயே இரு தரப்பும் முரண்படுகிறார்கள். தேதியிட்ட அளவு கையில் இருந்தால் அந்தச் சண்டை பெருமளவு குறையும். சர்வேயரும் போக்குவரத்துக்கு நடுவே டேப் பிடிக்காமல், வண்டி எட்டாத கொல்லைப்புறத்துக்கும் முட்டுச்சந்துக்கும் நேரம் ஒதுக்கலாம். தமிழ்நாட்டில் 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி, அளந்து முடித்தபின் உரிமையாளருக்கு நோட்டீசு தர வேண்டும். ஏற்காதவர் மேல்முறையீடு செய்யலாம். உரிமையாளர் கைக்கு வரும் வரைபடத்தில் எந்தக் கோடு லேசரில் அளந்தது, எது டேப்பில் அளந்தது, எது பழைய புலப்படத்திலிருந்து எடுத்தது என்பதைத் தனித்தனி நிறத்தில் காட்ட வேண்டும்.