பச்சை குத்திய புண் ஆறும் வரை

சென்ற மாசித் தேர்த் திருவிழா முடிந்த வாரத்தில் இளைஞர் ஒருவர் தம் தாயாருடன் எம் தோல் மருத்துவப் பிரிவுக்கு வந்தார். மறைந்த தந்தையின் பெயரை முன்கையில் பச்சை குத்தி ஐந்து நாள்கள் ஆகியிருந்தன. எழுத்துகளைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கி, இரண்டு இடங்களில் சீழ் கோத்திருந்தது. குத்திய அன்றிரவே தாயார் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசித் துணியால் இறுகக் கட்டியிருந்தார். இளைஞர் தம் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா பேரு அழிஞ்சு போயிருமுங்களா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்கு விடை காண, பச்சை குத்தும்போது தோலில் நிகழ்வதை முதலில் அறிய வேண்டும். நம் பாட்டிமார் கைகளில் காணும் பச்சைக் கோலமானாலும், இன்று மின்கருவியால் வரையப்படும் டாட்டூவானாலும் தோலுக்கு இரண்டும் ஒன்றே. ஊசி மேல்தோலைத் துளைத்து, அதன் கீழுள்ள அடித்தோலில் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையைச் சேர்க்கிறது. ஆகவே புதிய பச்சை கண்ணுக்கு ஓவியமாகத் தோன்றினாலும், எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட திறந்த புண்ணே ஆகும்.

உள்ளே புகுந்த மையை அகற்ற, உடல் தன் பாதுகாப்பு அணுக்களை அனுப்புகிறது. அவை மைத்துகள்களை விழுங்கினாலும் செரிக்க இயலாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. அவ்வாறு தங்கிய அணு மடியும்போது, அது விட்டுச்சென்ற மையைப் புதிய அணு ஏந்திக்கொள்கிறது என்பதைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் எலிகளிடம் நடத்திய ஆய்வில் கண்டறிந்தனர். பச்சை நெடுங்காலம் நிலைப்பது இதனால்தான். எனவே முதல் இரு வாரங்களில் மேல்தோல் மையின் நிறத்தோடு உரிந்து உதிர்வதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எழுத்து அதற்கும் அடியில் இருக்கிறது. பொருக்கைப் பிய்த்தாலோ, கிருமித்தொற்று ஆழமாகித் தழும்பு உண்டானாலோதான் கோடுகள் சிதையும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் இரண்டு மூன்று நாள்களில் சிவப்பும் இலேசான வீக்கமும் தெளிந்த நீர்க்கசிவும் இருப்பது இயல்பு. பச்சையின் மேல் சாதாரண பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தால் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். மீண்டும் சுற்ற வேண்டாம். தொடுவதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். நாளுக்கு இருமுறை தூய நீராலும் மணமற்ற மென்சோப்பாலும் விரல்நுனியால் மெல்லக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நன்கு உலர்ந்த பின் வாசலினை மிக மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அரிப்பு எடுத்தால் சொறியாமல், சுத்தமான துணியில் சுற்றிய குளிர்ந்த நீர்ப்பையைச் சற்று நேரம் வையுங்கள்.

மேற்புறம் ஆற இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை தளர்ந்த பருத்தி ஆடை அணியுங்கள். கறிவேப்பிலைத் தோட்டத்திலும் வாழைத் தோப்பிலும் வேலை செய்வோர் மண், பூச்சிமருந்து, வாழைக்கறை ஆகியவை படாமல் முழுக்கைச் சட்டையால் மறைத்துக்கொள்ள வேண்டும். மில் தொழிலாளர்கள் பஞ்சுத் தூசியிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும். நேர் வெயிலைத் தவிர்த்து, முழுதும் ஆறிய பின்னரே சன்ஸ்கிரீன் பூசலாம்.

தவிர்க்க வேண்டியவை

மஞ்சள், சாம்பல், தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றைத் திறந்த புண்ணில் இட வேண்டாம். சமையலறை மஞ்சள் கிருமி நீக்கப்பட்ட மருந்தன்று. மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இன்னும் கேடு செய்யும்: சிவப்பை அடக்கிக் காட்டிக்கொண்டே உள்ளே தொற்றை வளர விடும்.

குளிக்கும்போது நீர் படுவதில் தவறில்லை. நீரில் ஊறுவதே தவறு. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றில் இறங்குவதையும், கிணறு, நீச்சல்குளம், கடல் ஆகியவற்றில் குளிப்பதையும் புண் ஆறும் வரை ஒத்திப்போடுங்கள். அமெரிக்காவில் பச்சை குத்திய ஐந்தாம் நாள் கடலில் நீந்திய ஒருவர், கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமியின் தொற்றால் உயிரிழந்த செய்தி 2017இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

மூன்றாம் நாளுக்குப் பின் சிவப்பும் வலியும் குறையாமல் பரவினால், சீழ் வைத்தால், குளிர்காய்ச்சல் வந்தால், அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினால், புண்ணிலிருந்து சிவப்புக் கோடு மேல்நோக்கி ஏறினால் அன்றே வாருங்கள். ஆறிய பின் சில வாரங்கள் கழித்துச் சிறு கட்டிகள் தோன்றினாலும் காட்டுங்கள். 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இத்தகைய தொற்று 19 பேருக்கு ஏற்பட்டது. உற்பத்தியின்போதே மையில் கலந்திருந்த நுண்ணுயிரே அதற்குக் காரணம். சிவப்பு மை உள்ள இடம் மட்டும் தடித்து அரித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம்.

சர்க்கரை நோய், கல்லீரல் நோய், இதய வால்வு நோய் உள்ளோர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், தழும்பு தடித்து வளரும் இயல்புடையோர் ஆகியோர் குத்திக்கொள்ளும் முன்னரே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். எவராயினும், தம் கண் முன்னே புதிய ஊசி பிரிக்கப்படுவதையும் மை தனிக் கிண்ணத்தில் ஊற்றப்படுவதையும் உறுதிசெய்ய வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியையோ மையையோ மற்றவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலை பி, சி வகைகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். ரண ஜன்னித் தடுப்பூசி பத்து ஆண்டுகளுக்குள் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை குத்தியவரிடம் 12 மாதங்களுக்கு இரத்த தானம் பெறலாகாது என்பது நம் நாட்டு விதி.

அந்த இளைஞருக்குச் சீழை வெளியேற்றி, ஒரு வாரம் மாத்திரை கொடுத்தோம். நாள்தோறும் இருமுறை சோப்பும் நீரும் கொண்டு கழுவும் பொறுப்பைத் தாயாரிடமே ஒப்படைத்தோம். மூன்று வாரம் கழித்து வந்தபோது புண் ஆறியிருந்தது. ஓர் எழுத்தின் ஓரம் சற்றே மங்கியிருந்தாலும் பெயரைத் தெளிவாக வாசிக்க முடிந்தது. இரண்டு நாள் முன்னதாக வந்திருந்தால் அந்த ஓரமும் மங்கியிருக்காது. ஐயம் தோன்றினால் வீட்டு வைத்தியம் செய்து காத்திராமல் புறநோயாளர் பிரிவுக்கு வந்து காட்டுங்கள்.