80 வயசு டகோட்டா இன்னும் ஏன் பறக்குது? ஏர் ஷோக்கள் மாறிய கதை!

புதுக்கோட்டைக்குப் பக்கத்து மாவட்டமான தஞ்சாவூரில் இருக்கும் விமானப்படைத் தளத்தில் இன்று சுகோய்-30 போர் விமானங்கள் நிற்கின்றன. பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கும் படைப்பிரிவு இங்கே 2020 ஜனவரியில் தொடங்கப்பட்டது. ஆனால், அந்தத் தளத்தின் கதை இரண்டாம் உலகப் போரில் ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்து விமானங்களை இப்போது வானத்தில் பார்க்க ஒரே வழி, ஏர் ஷோதான்.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் ரஃபேல், தேஜஸ், சுகோய்களோடு டகோட்டா, ஹார்வர்ட் ஆகிய பழைய விமானங்களும் பறந்தன. இந்தத் தாத்தாக்களை ஏன் இன்னும் பறக்க விடுகிறார்கள்?

ஆரம்பத்தில் பறப்பதே சாகசம்

1910-ல் சென்னை தீவுத்திடலில் டி ஏஞ்சலிஸ் என்பவர் விமானம் ஓட்டிக் காட்டியபோது, அது தரையை விட்டு எழும்பியதே பெரிய ஷோ. 1932 அக்டோபர் 8-ல் இந்திய விமானப்படை உருவானது. அந்த நாளைக் கொண்டாடத்தான் ஆண்டுதோறும் அணிவகுப்பும் விமான சாகசமும் நடக்கின்றன. ஜெட் வந்தபிறகு வேகமும் சத்தமும் மேடையைப் பிடித்துக்கொண்டன. பழைய விமானங்கள் மியூசியத்துக்குப் போயின.

திரும்பி வந்தது எப்படி?

2012 விமானப்படை தினத்தில், இங்கிலாந்தில் புதுப்பிக்கப்பட்ட டைகர் மோத் மறுபடியும் பறந்தது. டகோட்டா வந்தது 2018-ல். ராஜீவ் சந்திரசேகர் தன் செலவில் புதுப்பித்து, விமானப்படைக்குப் பரிசளித்தார். அவருடைய அப்பா டகோட்டா பைலட்டாக இருந்தவர். இங்கிலாந்திலிருந்து பல நாடுகளில் இறங்கி ஏறி, சொந்தமாகப் பறந்தே இந்தியா வந்து சேர்ந்தது அந்த விமானம்.

பெயர் பரசுராமா. எண் விபி 905. 1947 அக்டோபர் 27-ல் சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களை ஸ்ரீநகரில் இறக்கிய டகோட்டாவின் எண் அது. அந்த நினைவாகவே இதற்கும் அதே எண்.

பறக்க வைப்பது லேசுப்பட்ட வேலையா?

இல்லவே இல்லை. இவை பிஸ்டன் இன்ஜின் விமானங்கள். ஜெட்டுக்கு ஊற்றும் எரிபொருள் இதற்கு ஆகாது. விமானங்களுக்கான தனி பெட்ரோல் வேண்டும். உதிரிபாகம் கடையில் கிடைக்காது. இந்த இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கும், கணினி உதவியில்லாமல் ஓட்டப் பழகிய பைலட்டும் தேவை.

விபத்துகள் மாற்றிய விதிகள்

2015 ஆகஸ்ட் 22-ல் இங்கிலாந்தின் ஷோர்ஹாமில் ஒரு பழைய ஹாக்கர் ஹன்டர் நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் எல்லோரும் மைதானத்துக்கு வெளியே, சாலையில் இருந்தவர்கள். அதன் பிறகு அந்த நாட்டில், நிலத்தின் மேல் பழைய ஜெட்கள் குட்டிக்கரணம் அடிக்கத் தடை வந்தது. ஹன்டர் நம் விமானப்படையிலும் 1971 போரில் பறந்த அதே ரகம்தான்.

2022 நவம்பரில் அமெரிக்காவின் டல்லாஸில் இரண்டு உலகப் போர் விமானங்கள் வானில் மோதி 6 பேர் பலியானார்கள். எந்த விமானம் எந்த உயரத்தில் பறக்கும் என்று முன்கூட்டியே சரியாகப் பிரிக்காததை விசாரணை சுட்டிக்காட்டியது.

மெரினா சொன்ன பாடம்

முன்பு டெல்லி, ஹிண்டன் என்று ஒரே பக்கம் நடந்த விமானப்படை தினம், 2022-ல் சண்டிகர், 2023-ல் பிரயாக்ராஜ், 2024-ல் சென்னை என ஊர் ஊராக வர ஆரம்பித்தது. மக்களுக்குப் பக்கத்தில் வந்தது நல்லதுதான். கூட்டமும் அதே அளவுக்கு வந்தது.

மெரினாவில் காலை 11 மணிக்குத் தொடங்கிய ஷோவைப் பார்க்க லட்சக்கணக்கானோர் கொளுத்தும் வெயிலில் நின்றார்கள். வானத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கீழே, பார்க்க வந்தவர்களில் 5 பேர் இறந்தார்கள். வெயிலில் மயங்கி, உடலில் நீர் வற்றி நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போனார்கள்.

பைலட்டுக்கு ஒவ்வொரு நொடிக்கும் திட்டம் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்கு நிழல், தண்ணி, வீடு திரும்ப வழி, இதற்கும் அதே மாதிரி திட்டம் வேணும். 80 வயசு விமானத்தை அவ்வளவு பத்திரமாக இறக்கத் தெரிந்த நாட்டுக்கு, அது முடியாத காரியம் இல்லை.