காருக்குள் நல்ல ஒலி வேண்டுமா? முதலில் கம்ப்யூட்டரை எடுங்கள்!

காரில் பாட்டு கேட்கும் வாசகர்களுக்கு ஒரு கேள்வி. சிக்னலில் நிற்கும்போது வால்யூம் 12-ல் தெளிவாகக் கேட்கிற பாட்டு, நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் 20-க்கு ஏற்றினால்தான் கேட்கிறது, இல்லையா? உடனே நமக்குத் தோன்றுவது என்ன? ஸ்பீக்கர் சரியில்லை, ஆம்ப்ளிஃபயர் போட வேண்டும் என்பதுதான். கார் ஆடியோ கடைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் நின்ற காரில் நன்றாகப் பாடிய அதே ஸ்பீக்கர்தானே ஓடும் காரிலும் பாடுகிறது? கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. சாலையும் டயரும் கதவுத் தகடும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலில்தான் இருக்கிறது.

ஒலியின் அளவை டெசிபல் என்ற கணக்கில் சொல்கிறோம். இது நம் வழக்கமான கூட்டல் கணக்கு போல இருக்காது. 3 டெசிபல் கூடுதலாக வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு பவர் தர வேண்டும். 10 டெசிபல் கூடுதல் என்றால் பத்து மடங்கு. அதாவது 20 வாட்ஸ் போதும் என்ற இடத்தில் 200 வாட்ஸ். இதையே திருப்பிப் பாருங்கள். காருக்குள் இரைச்சல் 3 டெசிபல் குறைந்தால், நீங்கள் இரண்டு மடங்கு பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கியதற்குச் சமம். காதுக்கும் நல்லது. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிலகப் பாதுகாப்பு நிபுணர்கள் வைத்திருக்கும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம். இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரைச்சலைக் குறைக்கத்தான் கார் கதவு, தரை, டிக்கி ஆகிய இடங்களில் டேம்பிங் ஷீட் ஒட்டுகிறார்கள். 'கார் டேம்பிங்' என்று கேட்டால் கடைகளில் கிடைக்கும். இதில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்கிறீர்களா? எங்கே ஒட்ட வேண்டும், ஒட்டிய பிறகு பலன் கிடைத்ததா என்ற இரண்டு கேள்விக்கும் விடை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதுவும் இலவசமாக.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

'ஆடாசிட்டி' என்ற சாஃப்ட்வேரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2000-ஆம் ஆண்டில் ஓப்பன் சோர்ஸாக வெளியிடப்பட்ட ஒலிப்பதிவு சாஃப்ட்வேர் இது. காசு கொடுக்க வேண்டாம். அதன் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். வேறு தளங்களில் எடுத்தால் கூடவே வேண்டாத புரோகிராம்களும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்ஸ்டால் செய்ததும் 'ஜெனரேட்' மெனுவில் 'சிர்ப்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒரு சிறு விண்டோ திறக்கும். வேவ்ஃபார்ம் 'சைன்' என்று இருக்கட்டும். ஃப்ரீக்வென்சியில் ஆரம்பம் 20, முடிவு 200. ஆம்ப்ளிட்யூட் இரண்டு கட்டத்திலும் 0.5. இன்டர்போலேஷன் 'லீனியர்'. நேரம் 60 விநாடி. ஓகே கொடுத்தால் தாழ்ந்த உறுமலில் தொடங்கி மெல்ல மேலேறும் ஒரு ஒலி தயாராகிவிடும். இதை 'எக்ஸ்போர்ட்' மூலம் வேவ் ஃபைலாகவோ எம்.பி.3 ஃபைலாகவோ பென்டிரைவில் ஏற்றிக் காரில் போடுங்கள். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். எஞ்சின், ஏ.சி. இரண்டும் அணைந்திருக்கட்டும். வால்யூம் நடுத்தரமாகப் போதும். தாழ்ந்த ஒலியைச் சின்ன ஸ்பீக்கருக்குள் அதிக சத்தமாகத் தள்ளினால் அதன் கோன் தாங்காது.

இப்போது காரைச் சுற்றி வாருங்கள். ஒலி மேலேறிக்கொண்டே போகும்போது, ஒவ்வொரு விநாடியில் ஒவ்வொரு பொருள் 'கிர்ர்' என்று விழித்துக்கொள்ளும். எந்த ஃப்ரீக்வென்சி என்று தெரிந்துகொள்வதும் சுலபம். ஒலி விநாடிக்கு 3 ஹெர்ட்ஸ் ஏறுகிறது. எனவே விநாடியை மூன்றால் பெருக்கி 20 சேர்த்துக்கொள்ளுங்கள். 20-ஆவது விநாடியில் கதவு அதிர்ந்தால், அது 80 ஹெர்ட்ஸ்.

என் ஹேட்ச்பேக் காரில் இதைச் செய்தபோது முதலில் விழித்துக்கொண்டது பின்பக்க நம்பர் பிளேட். இரண்டாவது, டிக்கிக்கு அடியில் இருந்த ஜாக்கியும் ஸ்பேனரும். மூன்றாவது, டோல்கேட் சில்லறை போட்டு வைக்கும் கதவுப் பை. இந்த மூன்றுக்கும் டேம்பிங் ஷீட் எதற்கு? நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு ஃபோம் துண்டு, ஜாக்கிக்கு ஒரு பழைய துண்டு, சில்லறைக்கு ஒரு துணிப்பை. தீர்ந்தது வேலை! உண்மையாகவே கவனிக்க வேண்டியிருந்தவை முன்கதவுகள் இரண்டும்தான். 90 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தகரக் கொட்டகை மாதிரி அதிர்ந்தன.

ஷீட் என்ன செய்கிறது?

கதவுத் தகட்டை விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று சிறிது நேரம் ஒலிக்கும். அதன் மேல் பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டிவிட்டுத் தட்டினால் 'டொக்' என்று உடனே அடங்கிவிடும். ரப்பருக்கு மேலே அலுமினியத் தாள் இருப்பது அழகுக்காக இல்லை. தகடு வளையும்போது, தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பியூட்டைல் இருபுறமும் இழுபடுகிறது. அந்த இழுபறியில் அதிர்வின் சக்தி வெப்பமாக மாறித் தீர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆகவே ஒரு அங்குலம் விடாமல் ஒட்ட வேண்டும் என்பதில்லை. தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கு முதல் பாதி பரப்பு வரை ஒட்டினாலே அதிர்வின் பெரும்பகுதி அடங்கிவிடும். கார் முழுக்க ஒட்டித் தருகிறோம் என்று சொல்லும் பேக்கேஜுகளில் பாதிக்கு மேல் வீண் செலவு, வீண் எடை என்பது என் கருத்து.

இந்த ஷீட் வெளிச்சத்தத்தைத் தடுக்கும் என்று நினைப்பது தவறு. அதிர்வை அடக்குவது ஒரு வேலை, சத்தத்தை உறிஞ்சுவது வேறு வேலை, தடுத்து நிறுத்துவது மூன்றாவது வேலை. உறிஞ்ச ஃபெல்ட், பஞ்சு போன்றவை வேண்டும். தடுக்க எடை வேண்டும். எடையை இரட்டிப்பாக்கினால்தான் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியல் விதி. காரில் அவ்வளவு எடை ஏற்றினால் பெட்ரோல் பங்க்காரர்தான் சந்தோஷப்படுவார். கண்ணாடி வழியாக வரும் காற்றுச் சத்தத்துக்கும் இந்த ஷீட் பதில் இல்லை. கதவு ஓர ரப்பர் பீடிங் வெடித்திருக்கிறதா, டயரில் காற்று சரியாக இருக்கிறதா, டயர் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

பாட்டின் தரத்துக்குக் கதவுதான் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னால் வரும் ஒலியும் பின்னால் வரும் ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. வீட்டு ஸ்பீக்கரில் மரப்பெட்டி இந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது. காரில் அந்தப் பெட்டி எது? கதவுதான். ஆனால் கதவின் உள்தகட்டில் ரிப்பேர் வேலைக்காக விட்ட பெரிய ஓட்டைகள் இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான் அவற்றை மூடியிருக்கும். பின்பக்க ஒலி அதன் வழியே வந்து முன்பக்க ஒலியோடு மோதுவதால் பேஸ் காணாமல் போகிறது. மிருதங்கத்தின் தொப்பி காரில் கேட்பதில்லை என்று குறைப்படுகிறவர்கள் இந்த ஓட்டைகளை ஷீட்டால் மூடிப் பாருங்கள். புதிய ஸ்பீக்கர் வாங்கியது போல இருக்கும்.

ஒட்டும்போது சில விஷயங்களில் கவனம் தேவை. மழை நாளில் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர், கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும். அவற்றை மூடினால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் பாதை, லாக் கம்பி, ஏர்பேக் சென்சார், அதன் ஒயர் ஆகியவற்றின் பக்கம் போகவே கூடாது. ஏர்பேக் உள்ள கதவு என்றால் சர்வீஸ் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்த பிறகு ஒட்டி, சிறு உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கையுறை கட்டாயம். அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும்.

விலை மலிவு என்று மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட்டை வாங்கிவிடாதீர்கள். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் தார் இளகி வழியும். கார் முழுக்க ரோடு போடும் வாசனை வேறு. ஷீட்டை முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். தார் வாடை அடித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எனக்கு இதில் இறங்கப் பாட்டு மட்டும் காரணம் இல்லை. அப்பா காது கேட்கும் கருவி வைத்திருக்கிறார். ஊருக்குப் போகும்போது தாம்பரம் தாண்டியதும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கேட்டால், "காருக்குள்ள ஏறினாலே காதுக்குள்ள மாவு மிஷின் ஓடுதுடா" என்பார். கருவி நம் பேச்சோடு டயர் சத்தத்தையும் சேர்த்துத்தானே பெரிதாக்குகிறது? திண்டிவனம் வரை இரண்டு மணி நேரம் யாரோடும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டே வருவார். நல்ல பாட்டு போட்டாலும் அவருக்குப் பயன் இல்லை. அதனால் முன்கதவுகளோடு, அவர் உட்காரும் இருக்கைக்குக் கீழே தரையிலும் ஷீட் ஒட்டி, மேலே ஃபெல்ட் விரித்தேன்.

அளந்து பார்ப்பது எப்படி?

ஒட்டிய பிறகு 'ஆகா, அமைதி' என்று தோன்றத்தான் செய்யும். காசு செலவழித்த காது அப்படித்தான் சொல்லும். அதை நம்பாதீர்கள். ஒட்டும் முன்பே ஒரு ரெக்கார்டிங் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் சாதாரண யு.எஸ்.பி. மைக்கைச் செருகி, மைக்கை ஹெட்ரெஸ்ட்டில் கட்டிவிடுங்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் மைக்கைக் கிளிக் செய்தால் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே இரைச்சலைக் குறைத்து நம்மை ஏமாற்றிவிடலாம். ஒருவர் ஓட்ட, மற்றொருவர் பின் இருக்கையிலிருந்து ஆடாசிட்டியில் 30 விநாடி பதிவு செய்ய வேண்டும். ஓட்டுபவர் லேப்டாப்பைத் தொடவே கூடாது. இரண்டு முறையும் அதே சாலை, அதே வேகம், அதே கியர், அதே மைக் வால்யூம். ஏ.சி. ஃபேனும் அதே எண்ணில் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பதிவை முழுவதும் செலக்ட் செய்து 'அனலைஸ்' மெனுவில் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' கொடுங்கள். மலைத்தொடர் போல ஒரு படம் வரும். அதில் 'சைஸ்' என்ற இடத்தில் 8192 வையுங்கள். 1024 என்று இருந்தால் 43 ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். 8192 வைத்தால் சுமார் 5 ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி. 'எக்ஸ்போர்ட்' பட்டனை அழுத்தினால் இந்த எண்கள் டெக்ஸ்ட் ஃபைலாக வரும். இரண்டு பதிவுகளின் எண்களையும் எக்ஸெல்லிலோ லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ பக்கத்துப் பக்கத்து காலத்தில் போட்டு சார்ட் வரைந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எண்கள் மைனஸில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அவை காருக்குள் இருக்கும் உண்மையான டெசிபல் அளவு இல்லை. மைனஸ் 30 என்பது மைனஸ் 34 ஆனால் 4 டெசிபல் குறைந்திருக்கிறது. நமக்கு அந்த வித்தியாசம் மட்டும் போதும்.

செங்கல்பட்டு தாண்டி ஒரே நீளப் பகுதியில், 80 கிலோமீட்டர் வேகத்தில் நான் எடுத்த இரண்டு பதிவுகளில், 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை சுமார் 4 டெசிபல் குறைந்திருந்தது. 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. ஆம்புலன்ஸ் சைரனும் லாரி ஹாரனும் முன்பு போலவே கேட்கின்றன, கேட்கவும் வேண்டும். வால்யூம் 20 இருந்த இடத்தில் இப்போது 16. செலவு நான் முதலில் விலை கேட்ட ஆம்ப்ளிஃபயரின் பாதிகூட இல்லை. அப்பா மதுராந்தகம் வரை கருவியைக் கழற்றவில்லை. அதற்குப் பிறகு சாலை கொஞ்சம் மோசம், கழற்றிவிட்டார். அடுத்து பின்சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுப் பகுதியை அளந்து பார்க்கப்போகிறேன்.

ஷீட் மிச்சமானால் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் 'ம்ம்ம்' என்று முனகுகிறதா? 7200 ஆர்.பி.எம். ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 120 முறை சுற்றுகிறது. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு கேபினட்டின் மெல்லிய பக்கத் தகட்டைப் பிடித்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் ஓடும்போது பக்கத் தகட்டை வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் குறைந்தால் காரணம் அதுதான். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, தகட்டைத் தனியே கழற்றி, அதன் உட்புறத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துண்டு ஒட்டினால் போதும். அலுமினியத் தாளில் கரண்ட் பாயும் என்பதால் ஓரங்கள் நன்றாக ஒட்டியிருக்கிறதா, மதர்போர்டில் எங்கும் உரசவில்லையா என்று பாருங்கள். காற்றுத் துளைகள் திறந்தே இருக்கட்டும். எஸ்.எஸ்.டி. மட்டும் உள்ள கம்ப்யூட்டரில் சுழலும் டிஸ்க் இல்லை, ஃபேனைத்தான் சந்தேகப்பட வேண்டும். எங்கள் வீட்டில் மீதமிருந்த கடைசித் துண்டை வாஷிங் மெஷினின் பக்கத் தகட்டுக்கு வேண்டும் என்று அம்மா வாங்கிக்கொண்டார்.